ஏறினது நிற்க வேண்டும்

சொந்தக்காரர்கள் ரத்தத்தையே திரும்பத் திரும்ப ஏற்றினோம், அதுதான் தப்பாகப் போனது. இப்போது எங்கள் ஆட்களின் தட்டணு எதுவும் என் பேத்தி உடம்பில் நிற்பதில்லை. ஏற்றின சுருக்கில் அவள் உடம்பே அதை அழித்துவிடுகிறது. உங்களுக்கும் எனக்கும் லட்சக்கணக்கில் இருக்கும். அவளுக்குக் காலையில் இருந்தது ஏழாயிரம். இன்றைக்கு ஓர் அன்னியனுடையதை ஏற்றியிருக்கிறார்கள். பை காலியாகிவிட்டது. ஒரு மணி நேரம் விட்டு ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். ஐம்பதாயிரம் இருந்தால் சாயங்காலம் நெஞ்சில் குழாய் வைப்பார்கள், அப்புறம் மஜ்ஜை மாற்றுகிற வேலை தொடங்கும். சொந்தத்தில் இவள் அக்காக்காரியின் மஜ்ஜை மட்டும் அச்சாகப் பொருந்திவிட்டது, அவளிடம் மஜ்ஜை மட்டும்தான் எடுக்கலாமாம், அவளுக்குக் கீழ்மாடியில் ஏதோ சோதனை, மருமகன் கூட இருக்கிறான். எல்லாம் தயார். இது நின்றால். நிற்காவிட்டால் என்ன என்று டாக்டரம்மாவிடம் நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். தலைக்குள் கொஞ்சம் கசிந்தால் போதும் என்றார். அதிலிருந்து அவள் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னத் தலை. மொட்டை அடித்து முடி அரை விரல் வளர்ந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும். ஜன்னலுக்குப் போகிறேன், கதவுக்கு வருகிறேன், ஜன்னலுக்குப் போகிறேன். கட்டிலில் இருந்து அவள் கேட்கிறாள், "அப்புச்சி, எதுக்குப் போயிப் போயி வர்ற? மூச்சா வருதா?" இல்லை சாமி. "அப்ப உக்காரு. எனக்குத் தலை சுத்துது." தலை சுத்துது என்கிறாள். சும்மா சொல்கிறாளா, நிஜமாகவே சுத்துகிறதா? மகளைப் பார்த்தேன். கோகிலவாணி என்னை முறைத்தாள். "ஏனுங்கப்பா, அவ வெளையாட்டுக்குச் சொல்றா. ஒரு எடத்துல உக்காருங்க முதல்ல." உட்கார்ந்தேன். இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. நாற்காலியைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவர்கள் எண்ணி எண்ணி என்னத்தைச் சொல்லப் போகிறார்கள். எழுந்துவிட்டேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்தவன் நான். ஆழ்துளைக் கிணறு. ஒரிசா, ஜார்க்கண்டு, மத்தியப் பிரதேசம், வண்டி போகாத காடு இல்லை. பூமிக்குள் ராடு இறங்குகிற சத்தத்தை வைத்து அடியில் பாறையா களிமண்ணா என்று சொல்லிவிடுவேன். மனுஷ உடம்பில் அந்தச் சத்தம் இல்லை. பேத்தி சம்யுக்தாவின் இடுப்பு எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தமே இல்லை. அதற்கப்புறம் அவள் கத்தினது மட்டும் கேட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், மஜ்ஜைக்குள்ள ஒரு பெரிய செல் இருக்கணும், அது வளர்ந்து பெருத்து முத்தி, கடைசியில துண்டு துண்டா உதிரும், அந்தத் துண்டுதான் தட்டணு, காயம் பட்டா ரத்தத்தை அடைக்கிறது அதுதான், இவளுக்கு அந்தப் பெரிய செல் வளரவேயில்லை, பிறவியிலேயே. போர் போட்டுப் புகை வந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. தண்ணீர் இல்லாத துளையில் வெறும் கல்மாவுதான் புகையாய்க் கிளம்பும், போர் போடச் சொன்ன தோட்டக்காரன் முகத்தை அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது. நான் பார்க்க மாட்டேன். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைக்கப் போய்விடுவேன். இங்கே எங்கே போவது. ஏன் வளரவில்லை என்று கேட்டேன். வளரு வளருன்னு உடம்புல ஒரு ரசாயனம் சொல்லிக்கிட்டே இருக்கு தாத்தா, சாதாரணமாச் சொல்றதைவிடப் பல மடங்கு சொல்லுது, ஆனா அந்தச் செல்லுக்குக் கேக்கிற காது இல்லை என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை, அடுத்த ராத்திரியும் இல்லை. குழந்தை தூங்குகிறது, எலும்புக்குள் ஒருத்தன் வளரு வளரு என்று கத்திக்கொண்டே இருக்கிறான். இப்போதும் கத்திக்கொண்டுதான் இருப்பான். அவளுக்குக் கேட்குமா? கேட்காது. பைத்தியக்காரத்தனம். தலையணையில் சிவப்பாய் ஒரு புள்ளி. என்ன அது? "கோகிலா, தலகாணியப் பாரு." அவள் பாய்ந்து வந்து குழந்தையின் மூக்கைத் திருப்பினாள், வாயைத் திறந்து ஈறைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். சம்யு கையை நீட்டினாள். விரல் முழுக்கச் சிவப்பு. ஸ்கெட்ச் பேனா. "அப்புச்சி பயந்துக்கிச்சு," என்று சொல்லிச் சிரிக்கிறாள். கோகிலா சிரிக்கவில்லை. பேனாப் பெட்டியில் இருந்து சிவப்பை மட்டும் எடுத்து ஜன்னல் மேலே வைத்துவிட்டாள். அப்ப தக்காளிக்கு என்ன கலர் அடிக்கிறது என்று இவள் சண்டை. பச்சை அடி சாமி, காய்த் தக்காளி.

பிறந்தபோதே உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பு. எறும்பு கடித்திருக்கும் என்று தொட்டிலைத் தட்டினோம். முதலில் பார்த்த டாக்டர் வேறு ஏதோ என்று நினைத்து மாத்திரை கொடுத்தார், முகம் பூசணிக்காய் மாதிரி ஊதினதுதான் மிச்சம். தட்டணு ஏற்ற வேண்டும், ஆள் கொண்டு வாருங்கள் என்றார்கள். அங்கேதான் என் மச்சான் செங்கோட்டுவேல் கிளம்பினார். அக்கா புருஷன், சம்பந்தியும் அவரே. அக்கா மகனுக்குத்தான் கோகிலாவைக் கொடுத்தேன், முறைதான், ஊரில் யார் வீட்டில் இல்லை. பிற்பாடு டாக்டரம்மா வட்டமும் சதுரமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தபோது புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே இரண்டு கோடு இழுத்தார். ஒரு கோடு போதாதா என்றேன். சொந்தத்துக்கு ரெண்டு கோடு என்றார். ரெண்டு பக்கமும் ஒரே பழுதை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம், ரெண்டும் சேர்ந்து இவளிடம் வந்திருக்கிறது. சரி, அது வந்துவிட்டது. மச்சான் வேன் பிடித்தார். "கண்டவன் ரத்தத்த ஏத்தோணும்னு நமக்கு என்ன மாப்ள தலையெழுத்து? நம்ம கூட்டத்துல ஆளா இல்ல?" வேன் நிறைய ஆள். சித்தப்பன் மகன், பெரியப்பன் பேரன், கொழுந்தியா மகன், எல்லாரும் சலவை வேட்டி. சீர் கொண்டு வருகிற மாதிரி வந்தார்கள். ஒவ்வொருத்தனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எனக்கு முந்தி உனக்கு முந்தி. "இதுல என்ரதுதான் நல்லா ஏறுச்சு," என்று ஒருத்தன். "உன்ரதுல பாதி சாராயம்டா," என்று இன்னொருத்தன். கொடுக்காதவனுக்குத்தான் அவமானம். கல்யாணப் பந்தியில் கூப்பிட மறந்த மாதிரி ஒருத்தன் என்னிடம் சண்டைக்கு வந்தான், என்னை மட்டும் ஏன் சொல்லலை என்று. எனக்கும் சரியென்றுதான் பட்டது. நம் பிள்ளைக்கு நம் ரத்தம், இதில் என்ன இருக்கிறது. ஏறினது. முதலில் ஏறினது. பிறகு பாதி ஏறினது. பிறகு ஏற்றினால் காய்ச்சல், தடிப்பு, நடுக்கம், எண்ணினால் பழைய கணக்கு. அதற்குள் வருஷம் ஓடிவிட்டது. இன்னும் நெருங்கின ஆளாய்ப் பார்ப்போம் என்றார் மச்சான். நெருங்கின ஆளாய்ப் பார்த்தோம். இன்னும் மோசம்.

கோயமுத்தூருக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டரம்மா முதலில் கேட்டது, யார்கிட்ட எடுத்து ஏத்தினீங்க? மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். "பூராவும் எங்க ஆளுகதானுங்க. வெளியாள் ஒருத்தனத் தொட உடலீங்க." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். ஐயா, மஜ்ஜை மாத்தப் போற குழந்தைக்குச் சொந்தக்காரங்க ரத்தம் கூடாது, இனிமே உங்க ஆளுங்க ஒருத்தரும் வேண்டாம், எவ்வளவு தூரத்து ஆளோ அவ்வளவு நல்லது. "எங்க ரத்தத்துல என்னங்க கெட்டுப்போச்சு?" கெடல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. குழந்தை உடம்பு உங்க அடையாளத்தை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு, உள்ளே வந்தா அடையாளம் கண்டு அடிக்குது. மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, அப்பனப் பெத்த அப்பாரையே அடிக்குதாமா?" சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். வெளியே வந்து கைகழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஊருக்குப் போனவர்தான். போன் மட்டும் பண்ணுவார். ஏறுச்சா? இல்லீங்க மச்சான். வைத்துவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமா? கோபப்பட என்ன இருக்கிறது. நாங்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கிறது எந்த ஊருங்க, யாரு வீட்டுப் பிள்ளைங்க. அதைக் கேட்டுப் பதில் சரியாய் வந்தால்தான் சொம்பில் தண்ணீர் கொடுப்போம். அதே கேள்வியை இந்தப் பிஞ்சு உடம்பு கேட்கக் கற்றுக்கொண்டு, சரியான பதில் சொன்னவனை எல்லாம் கொல்லுகிறது. இதை யோசிக்கக் கூடாது. யோசித்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்பு வந்தால் கோகிலா பார்க்கிறாள். எங்கே அந்த சிஸ்டர்? ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். "சிஸ்டர்!" வராந்தாவில் தலையை நீட்டினேன். "தாத்தா, இன்னும் டைம் ஆகல. நீங்க கூப்பிடுறதுல பக்கத்து ரூம் பேஷண்ட் எழுந்து உக்காந்துட்டாங்க." உட்காரட்டும். படுத்தே கிடந்தால் என்ன ஆகும்.

வெளியாள் என்றால் உடனே கிடைத்துவிடுவானா? ரத்த வங்கியில் ஆள் ஆளாய்ச் சாம்பிள் எடுத்துக் குழந்தையின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். காலேஜ் பையன்கள் வந்தார்கள், போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார், இந்த ஆஸ்பத்திரி டாக்டரே ஒருத்தர் கொடுத்தார். எல்லாம் மோதியது. ஒன்றே ஒன்று மோதவில்லையாம். கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை செய்கிறவன், முகாமில் ரத்தம் கொடுத்துப் பேர் பதிந்து வைத்திருந்தவன். காலையில் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சாய்வுக் கட்டிலில் கிடந்தான். ஒல்லி. கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு, வார்ப்பில் இரும்புக் குழம்பு தெறித்திருக்கும். வடக்கத்தியான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன், அதில் எவனோ ஆடுகிறான். பக்கத்தில் மெஷின் சுற்றுகிறது, அவன் ரத்தத்தை இழுக்கிறது, தட்டணுவை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறது. பையில் மஞ்சளாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ந்தது. இதுவா? இந்த மஞ்சத் தண்ணியா? உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மரத்துப்போகுமாம், சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான் கதவைத் தள்ளினேன், எந்த ஊரு என்று கேட்க வாய் தானாய்த் திறந்தது, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு என்னை வெளியே தள்ளாத குறை. "தாத்தா, டோனர்கிட்டப் பேசக் கூடாது." என்ன பேசிவிடப் போகிறேன். பையை மேலே கொண்டுவந்தபோது அந்த மஞ்சளை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். ஆட்டாமல் வைத்தால் கெட்டுவிடுமாம். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்த விஷயம், நானும் அந்த ஜாதிதான். ஒரிசாவில் எத்தனை வருஷம் இருந்தேன், கலஹண்டி, பலாங்கீர், வெயில் மண்டையைப் பிளக்கும். குழாய் தூக்க உள்ளூர் ஆட்கள் வருவார்கள், எல்லாரும் இவனை மாதிரிதான், ஒல்லி, கறுப்பு. பாய், இதர் ஆவ், இங்கே வா. பாய், உட்டாவ், தூக்கு. எல்லாருக்கும் பாய்தான். ஒருத்தன் தினமும் எனக்குப் பழைய சோற்றுத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான், மாங்கொட்டை ஊறப்போட்டு. அவன் பேர் என்ன? யோசிக்கிறேன். வரவில்லை. மறந்து போனால்தானே வரும். கேட்டிருந்தால்தானே மறக்கும். எங்களையும் அவர்கள் மதராசி என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்குச் சரி. கணக்குச் சரியென்றால் ஏன் திரும்பத் திரும்ப அந்தத் தண்ணியின் புளிப்பு நாக்கில் வருகிறது. போகட்டும். இப்போது அதுவா முக்கியம். அவளுக்குள் போயிருக்கிற மஞ்சள் என்ன செய்துகொண்டிருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை எங்கள் ஆட்களுடையதைப் போலவே பிடித்து முடித்துவிட்டதா. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டேன். "அப்புச்சி, உன்ர கை சொரசொரன்னு இருக்குது. எடு." எடுத்தேன். சூடு இல்லை. என் கைக்குச் சூடு தெரியுமா, அது செத்துப்போன தோல். "கோகிலா, நீ தொட்டுப் பாரு." "இப்பத்தானுங்கப்பா பாத்தேன்." மறுபடி பாரு. பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். நடுக்கமும் இல்லை. மற்ற நாளில் இந்த நேரத்துக்குப் போர்வை கேட்டிருப்பாள். இன்றைக்குக் கேட்கவில்லை. மறந்திருப்பாளோ?

சிஸ்டர் வந்துவிட்டது. ட்ரே, ஊசி, பஞ்சு. சம்யு கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவளுக்கு இது பல் விளக்குகிற மாதிரி. பல் விளக்கினால்கூட ரத்தம் வரும் என்று துணியால்தான் துடைக்கிறோம். ஓடாதே, குதிக்காதே, இதுதான் அவள் காதில் முதலில் விழுந்த தமிழ். அழக்கூட விட மாட்டோம், அழுதால் நரம்பு புடைக்கும். ஊசி இறங்கினது. சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்தது. பஞ்சை வைத்து கோகிலா அழுத்தினாள். இனி இது ஒரு யுகம். ஒவ்வொரு தடவையும் விரல் வலிக்க அழுத்த வேண்டும், எடுத்தால் மறுபடி ஊறும், புதுப் பஞ்சு, மறுபடி அழுத்து, கை மாற்றி மாற்றி நானும் அழுத்தியிருக்கிறேன். நான் ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். "எடுக்காதே." "எடுக்கலீங்க." ஜன்னலுக்குப் போனேன். கீழே கார் நிறுத்த இடம் தேடி ஒருத்தன் சுற்றிச் சுற்றி வருகிறான், மடையன், அந்த ஓரத்தில் இடம் இருக்கிறது. "அப்பா." அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. ஓடினேன். பஞ்சைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு கடுகு அளவு. கையில் ஒன்றும் இல்லை. ஊசி போன இடம் காய்ந்து கிடந்தது. ரெண்டு பேரும் அதையே பார்த்தோம். அவள் வாயைத் திறந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். போர் வாயில் ஈரத்தைக் கண்டு ஏமாந்தவன் நான். ஈரமண் வரும், தோட்டக்காரன் தேங்காய் உடைப்பான், அடுத்த ராடில் புகை. எண்ணட்டும். எண்ணிச் சொல்லட்டும். ஆனால் காய்ந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இவள் கையில் ஒரு ஊசித்துளை இவ்வளவு சுருக்கில் காய்ந்து பார்த்ததில்லை. மறுபடி குனிந்தேன். "அப்புச்சி, என்ன பாக்கற? பூச்சியா?" ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமே இல்ல. அதைத்தான் பார்க்கிறேன். மூக்கு உறிஞ்சிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன், இங்கே ஏசிக் காற்று எனக்கு ஆகாது. வராந்தாவின் அந்தக் கோடி வரை போனேன், திரும்பினேன், அந்தக் கோடி, இந்தக் கோடி. லிப்டு திறந்தால் டாக்டரம்மாவாக இருக்கும் என்று நிற்பேன், சாப்பாட்டு வண்டி வரும். மறுபடி லிப்டு, ஈரத் துடைப்பம். சோதனைச் சாலையில் சாப்பிடப் போயிருப்பார்களோ? என் பேத்தி ரத்தத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ரசத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார்களோ? போய்க் கேட்டால் என்ன? காலடி கேட்டது. கோகிலா. செருப்பு இல்லாமல் ஓடி வருகிறாள், போன் காதில் இருக்கிறது, ஓடாதே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "எழுபத்தொண்ணுங்கப்பா. எழுபத்தோராயிரம். சாயங்காலம் குழாய் வெச்சரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க." நடு வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்கிறது. எந்திரி கண்ணு, தரை சில்லுனு இருக்கும் என்றேன்.

லிப்டுக்கு நிற்கவில்லை, படியில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்குகிறேன் என்று இரண்டாவது மாடியில்தான் கேட்டுக்கொண்டேன். எப்போதோ போயிருப்பான். காலையில் கொடுத்தவன், பவுண்டரிக்காரன், மத்தியான ஷிப்டு இருக்கும். போயிருந்தால் போகட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். ரத்த வங்கிக்கு எதிரே வேப்பமரத்தடிச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் அதே பிளாஸ்திரி, அவர்கள் கொடுத்த பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் பக்கத்தில். என் மண்டைக்குள் இருந்த ஹிந்தியை எல்லாம் திரட்டினேன், துரு ஏறிப்போன ஹிந்தி. "பாய், தும்..." என்று ஆரம்பிக்கும் முன்னே அவன் எழுந்து நின்றுவிட்டான், காலையில் கதவில் நின்ற என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. "பாப்பாவுக்கு நின்னுச்சுங்களா?" தமிழில். எங்கள் ஊர்த் தமிழில், ங்க போட்டு. சின்னப் பாப்பாவுக்குன்னுதான் கூப்பிட்டாங்க, கேட்டுட்டுப் போலாம்னு இருந்தேனுங்க, உள்ளே கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க என்றான். நின்னுச்சு என்றேன். அவன் தலையை ஆட்டினான், ரொம்பச் சாதாரணமாக, லோடு இறங்கியாச்சு என்று கேட்ட மாதிரி. மறுபடி வேணும்னா ரெண்டு நாள் விட்டுக் கூப்பிடச் சொல்லுங்க, வர்றேனுங்க என்றான். அதற்குள் என் சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான். எடுத்தேன். "ஏறுச்சா?" ஏறுச்சு மச்சான், நிக்குது. அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்தார். "ஆருது மாப்ள? எந்த ஊரு? ஆரு வீட்டுப் பையன்?" போனைக் கையில் மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேன். பேரென்ன சாமி என்று கேட்டேன். சொன்னான். சரியாக வாயில் வரவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பிறகு போனை எடுத்து மச்சானுக்குச் சொன்னேன்: தனேஸ்வர் மாஜி.